கடல் தாண்டிப் போய்க் காற்றில் திரும்பிய தட்டு

தமிழ் சினிமாப் பாட்டுக்குக் கையில் எடுக்கும்படி ஓர் உடம்பு இருந்த காலத்தில், அந்த உடம்பு சோட்டா நாக்பூர் காடுகளில் பிறந்தது. பலாசு மரத்திலும் குசும் மரத்திலும் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசினைச் சுரண்டி, உருக்கி, வடிகட்டி, கல்பொடியும் கரிப்பொடியும் பஞ்சிழையும் சேர்த்துப் பிசைவார்கள். சூடான அந்தக் கருப்பு உருண்டையை இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் பத்து அங்குல ரெக்கார்டு. இந்தியாவில் இந்த வேலை 1908இல் கல்கத்தா சியால்டாவில் தொடங்கி, 1920களின் கடைசியில் டம்டம்முக்கு இடம் மாறியது. பாட்டு கோடம்பாக்கத்தில் பிறந்தாலும் தட்டு வங்காளத்தில் வார்க்கப்பட்டு, ரயிலேறி மதராசுக்கு வந்தது.

நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட்டு அடங்கும். படத்தில் ஐந்து நிமிடம் ஓடுகிற பாட்டு என்றால் ஒரு சரணத்தை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் நிறுத்தித் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். படத்தில் கேட்ட சரணம் தட்டில் இருக்காது. தட்டில் கேட்ட இடையிசை படத்தில் வராது. பழைய பாட்டு ரசிகர்கள் இன்றும் போட்டுக்கொள்ளும் சண்டைகளில் பாதி இந்த மூன்று நிமிடக் கணக்கில் தொடங்கியதுதான்.

தட்டை விற்றதிலும் பாட்டை எழுதியதிலும் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் பங்கு உண்டு. மதராசில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கி இசைத்தட்டு வியாபாரத்தில் காலூன்றிய ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். கண்ணதாசன் சிறுகூடல்பட்டிக்காரர். இரண்டு ஊரும் அப்போது இந்த மாவட்டத்தில்தான் இருந்தன. ஆனால் அதே மாவட்டத்தின் கடைக்கோடியில், மணலும் கடலும் சூழ்ந்த தனுஷ்கோடிக்கு அந்தப் பாட்டுகள் வந்து சேர்ந்த வழிதான் விசித்திரமானது.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தது. அதன்பின் எழும்பூரில் கிளம்பிய போட் மெயில் தனுஷ்கோடித் துறை வரை ஓடியது. மதராசில் எடுத்த ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். துறையில் இறங்கி, சுங்கச் சோதனை முடிந்து, ஏறத்தாழ 30 கி.மீ. கடலைக் கப்பலில் கடந்தால் தலைமன்னார். அங்கே கொழும்பு ரயில் காத்திருக்கும். பிற்காலத்தில் ஓடிய கப்பல்களுக்கு ஒரு வைஸ்ராயின் பெயரும் ஒரு மதராஸ் கவர்னரின் பெயரும் வைத்திருந்தார்கள்: இர்வின், கோஷன். ஆட்களும் தபால் பைகளும் சரக்குப் பொதிகளும் இந்தத் தடத்தில் போயின. மதராசில் வெளியான பாட்டு கொழும்புக்குப் போக ரயிலும் கப்பலும் சேர்ந்த வழி இதுதான். தனுஷ்கோடிக்காரர்களைப் பொறுத்தவரை பாட்டு அவர்கள் வாசலைத் தாண்டிப் போன சரக்கு. அதைக் கேட்க வேண்டுமானால் அது கடலைக் கடந்து, திரும்பி வரவேண்டும்.

திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரு யுத்தமும் ஓர் அமைச்சரும். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. படையினருக்காக ஏக்கலையில் நட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி, 1949இல் இலங்கை அரசின் கைக்கு வந்தது. மறு ஆண்டே வர்த்தக சேவை தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அதன் நேரத்தைக் குறுக்கினார், தயாரிப்பாளர்களோடு தகராறு, பாட்டு கிட்டத்தட்ட நின்றுபோயிற்று. நம் மக்களுக்கு எது நல்ல சங்கீதம் என்று டெல்லி முடிவுசெய்ய, கொழும்பு சிரித்துக்கொண்டே ஊசியைத் தட்டில் இறக்கியது. 1957 அக்டோபரில் விவித பாரதி வருவதற்குள் ஒரு தலைமுறையின் காது இலங்கைக்குப் போய்விட்டது.

ராமேஸ்வரம் தீவுக்கு இதில் இன்னொரு வசதி. மத்திய அலை தரையைவிட உப்புக்கடல் மேல் தேய்மானம் குறைவாக ஓடும். பின்னாளில் கொழும்பின் மத்திய அலை சேவை, மலையும் மேடும் தாண்டி வரவேண்டிய உள்நாட்டு நிலையங்களைவிட இந்தக் கரையில் சுத்தமாகக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலும், பிறகு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களும் இங்கே உள்ளூர்க்காரர் குரல்கள்தான். ‘பொங்கும் பூம்புனல்’, ‘நீங்கள் கேட்டவை’, ‘இசையும் கதையும்’, ‘பாட்டுக்குப் பாட்டு’: வள்ளத்தில் டிரான்சிஸ்டரும் டீக்கடையில் பெரிய பெட்டியுமாக நாள் முழுக்க ஓடின. ஓர் இசையமைப்பாளரின் பெயரையும் பாடலாசிரியரின் பெயரையும் பாட்டுக்கு முன்னால் தவறாமல் சொல்லிப் பழக்கியது இலங்கை வானொலி. ரசிகர்களுக்கு விவாதம் செய்யத் தகவல் கிடைத்ததே அங்கிருந்துதான்.

அப்படி விவாதிக்க ஒரு படம் 1964 பொங்கலுக்கு வந்தது: ‘கர்ணன்’. பி.ஆர். பந்துலு படம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் பாட்டு. வடஇந்திய வாத்தியங்களையும் ராகங்களையும் தாராளமாக இறக்கி, சீர்காழி, டி.எம்.எஸ்., திருச்சி லோகநாதன், பி.பி. ஸ்ரீநிவாஸ், சுசீலா என்று குரல்களைக் குவித்துச் செய்த வேலை. கர்ணன் சாய்ந்து கிடக்கும்போது சீர்காழி பாடுவதைக் கேட்டு அழாதவர் எந்தக் கரையிலும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து கிளம்பிய 653 எண் பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடிக்கு அருகே அலை ஆட்களோடு இழுத்துக்கொண்டது. துறை, ஸ்டேஷன், சுங்கச் சாவடி, தபால் ஆபீஸ், குடியிருப்பு எல்லாம் போயின. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் திரும்பவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி, 80களில் இலங்கை உள்நாட்டுப் போரோடு நின்றது. போட் மெயில் என்ற பெயர் மட்டும் சென்னை–ராமேஸ்வரம் ரயிலில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டுக்குப் பாதை போனது, வானொலி அலை நிற்கவில்லை, தட்டும் நிற்கவில்லை. மின்சாரமில்லாத ஊர்களில் கீ கொடுத்துச் சுற்றும் கிராமபோன்களை நம்பி இந்தியாவில் 78 சுற்றுத் தட்டு மற்ற நாடுகளைவிட நீண்டநாள் உயிரோடு இருந்தது. இதில் ஒரு வேடிக்கை. பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவுக்குச் சொந்த நாட்டில் 78 சுற்றுத் தட்டே கிடையாது; அங்கே அந்த வகை அதற்குள் செத்துவிட்டது. ஆனால் டம்டம்மில் 60களின் நடுப்பகுதி வரை அவர்கள் பாட்டை அரக்கில் அழுத்தினார்கள். இன்றைக்கு லண்டன் சேகரிப்பாளர் அந்தக் கல்கத்தாத் தட்டுக்குப் பெரும் விலை கொடுக்கிறார். நம் மைக்செட்காரர் வீட்டில் அதே ஆலையில் பிறந்த டி.எம்.எஸ். தட்டு எடைக்குப் போகிறது.

அரக்குக்குப் பிறகு வினைல், வினைலுக்குப் பிறகு கேசட், குறுந்தகடு, 2017இல் சரிகம கொண்டுவந்த பட்டன் வைத்த காரவான் பெட்டி. ஒவ்வொரு பிறவியிலும் பாட்டு கொஞ்சம் மாறியது. நாடா சற்று வேகமாக ஓடினால் சுருதி ஏறிவிடும். அரைக் கட்டை கூடிய சுசீலாவையே அசல் என்று நம்பி வளர்ந்தவர்கள் உண்டு. ஒற்றைத் தடத்தில் பதிந்ததை வலது இடதாகப் பிரித்து ‘ஸ்டீரியோ’ என்று விற்றார்கள். எதிரொலி சேர்த்தார்கள். டிரம் தட்டிச் சேர்த்தார்கள். 2012 மார்ச்சில் மெருகேற்றிய ‘கர்ணன்’ திரையரங்குகளுக்குத் திரும்பியபோது, இன்றைய ஒலிபெருக்கிகளுக்கு ஏற்ப ஒலியும் புதுப்பிக்கப்பட்டிருந்தது. படம் நூறு நாள் தாண்டி ஓடியது. விவாதமும் ஓடியது.

ஒரு கட்சி சொன்னது: இத்தனை வாத்தியம் அதற்குள் இருந்தது என்பதே இப்போதுதான் தெரிகிறது. எதிர்க்கட்சி சொன்னது: விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஒரே ஒலிபெருக்கிக்காகக் கலந்து வைத்ததைப் பிரித்துப் போட நீ யார்? பீட்டில்ஸ் ரசிகர்கள் 2009 செப்டம்பர் 9 அன்று இதே சண்டைக்குத் தீனி பெற்றார்கள். அன்று மோனோ தொகுப்பும் ஸ்டீரியோ தொகுப்பும் தனித்தனியாக வெளியாகின. 60களில் அந்தக் குழு உட்கார்ந்து கலந்தது மோனோவை. ஸ்டீரியோவைப் பெரும்பாலும் ஸ்டூடியோக்காரர்களிடம் விட்டுவிட்டார்கள். ஆகவே எது அசல் என்பதற்கு அங்கே ஒரு பதில் உண்டு. நமக்கும் அதே பதில்தான் பொருந்தும். ‘பிரியா’ (1978) போன்ற படங்கள் வந்து ஸ்டீரியோ பரவும்வரை நம் ஆட்கள் மனதில் வைத்து அமைத்தது ஒற்றைத் தடத்தைத்தான்.

இன்னொரு சண்டை பிற்காலத்தைப் பற்றியது. 1952இல் ‘பணம்’ தொடங்கி 1965இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வரை ஒன்றாக இருந்த இரட்டையர் பிரிந்தார்கள். ராமமூர்த்தி தனியாகச் செய்த படங்கள் இருபதைத் தொடவில்லை. விஸ்வநாதன் இன்னொரு வாழ்க்கையே வாழ்ந்தார். பிரிந்த பிறகு அந்த மெருகு போயிற்று, பரபரப்பு கூடியது என்பார் ஒருவர். ‘உலகம் சுற்றும் வாலிபன்’, ‘அபூர்வ ராகங்கள்’, பாட்டுக் குழு ஒன்றின் கதையான ‘நினைத்தாலே இனிக்கும்’ இவற்றை எங்கே வைப்பாய் என்பார் மற்றவர். 1995இல் இருவரும் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்குச் சேர்ந்தார்கள். ரசிகர்கள் எதிர்பார்த்த பழைய மாயம் அதில் நிகழவில்லை. ராமமூர்த்தி 2013இலும் விஸ்வநாதன் 2015இலும் போய்ச்சேர்ந்தார்கள். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன்: 1965க்குப் பிந்தைய விஸ்வநாதனைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் அவரைச் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் ராமமூர்த்தியின் வயலின் அறிவு இல்லாமல் ‘கர்ணன்’ அப்படி அமைந்திருக்காது. இரண்டும் உண்மையாக இருப்பதில் எனக்குச் சிக்கல் இல்லை.

மறுவெளியீட்டில் எனக்குச் சிக்கல் உண்டு. இரைச்சலை நீக்கலாம், வாத்தியத்தைச் சேர்க்கக்கூடாது. புதுக் கலவை விற்கலாம். பழையதையும் பக்கத்திலேயே விற்க வேண்டும். மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு ‘லால் சலாம்’ (2024) படத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்றதாக ஏ.ஆர். ரகுமான் வெளிப்படையாகச் சொன்னார். பழைய பாட்டை ‘புதுப்பிக்கும்’ கம்பெனிகள் அந்த அளவு மரியாதைகூடக் காட்டுவதில்லை. யார் வாசித்தார்கள், எந்த ஆண்டு, எந்தத் தட்டிலிருந்து எடுத்தது என்று அட்டையில் ஒரு வரி இருக்காது. மயில்வாகனம் அறுபது ஆண்டுக்கு முன் நாள்தோறும் சொன்னதைச் செயலிகள் இன்று மறைக்கின்றன.

கொழும்பு வானொலியின் இசைத்தட்டு நூலகத்தில் இந்தியாவிலேயே அரிதாகிவிட்ட இந்தியத் தட்டுகள் இருப்பதாகச் சேகரிப்பாளர்கள் பொறாமையோடு பேசுவார்கள். கடல் தாண்டிப் போனவை தப்பின. இங்கேயே இருந்தவை அழிகின்றன. பாம்பனில் ‘கடல் ஓசை 90.4’ என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி நடக்கிறது, இலங்கை எஃப்.எம்.களும் இந்தத் தீவில் கேட்கின்றன. கேட்க ஆள் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. கேட்டதற்கு ஆதாரமான பொருள்தான் குறைந்துகொண்டே போகிறது.

ஆகையால் ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, தொண்டிப் பக்கம் பரணில் தாத்தாவின் தட்டுப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது விரிசல் விடும். புத்தகம்போல நிற்கவையுங்கள். தூசி துடைக்க ஸ்பிரிட் தொடாதீர்கள். அரக்கு சாராயத்தில் கரையும், பாட்டு துணியோடு வந்துவிடும். ஈரத்துணி போதும். லேபிளில் இருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் எடைக்குப் போடும் முன் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்தில் கேட்டுப்பாருங்கள்.