பொருளும் உழைப்பும் தந்த அறநிலையங்கள்

தருமம் என்றதும் பணம் கொடுப்பதே பெரும்பாலோர் நினைவுக்கு வருகிறது. பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் அநாதை நிலையத்துக்கும் நாம் செலுத்தும் சந்தா இன்றியமையாதது, அதில் ஐயமில்லை. ஆயினும் இஸ்லாமிய வரலாற்றின் ஏடுகளைப் புரட்டுங்கால், அறநிலையங்கள் பணத்தால் மட்டும் நிலைபெறவில்லை என்பது விளங்குகிறது. வீடும் நூலும் மருந்தும் கருவியும் தொழில்திறனும் அவற்றுக்குக் கொடையாக வந்தன. அவ்வாறு வந்தவை எப்போது நிலையத்தை வளர்த்தன, எப்போது வீணாயின என்பதையும் அவ்வரலாறே நமக்கு உணர்த்துகிறது.

கி.பி. 622-ல் மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீ எழும்பத் தொடங்கியபோது, அதற்கான உழைப்பு முழுவதும் தோழர்களின் கொடையாகவே அமைந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அவர்களுடன் சேர்ந்து கல் சுமந்தார்கள். யமாமாவிலிருந்து வந்த தல்க் இப்னு அலீ (ரலி) அவர்கள் மண் குழைப்பதில் கைதேர்ந்தவர். அப்பணியை அவரிடமே விடுமாறு நபியவர்கள் கூறியதாக அறிவிப்பு உண்டு. எல்லாரும் எல்லாமும் செய்வதைவிட, வல்லவனிடம் வல்ல பணியை ஒப்படைப்பதே உழைப்புக் கொடையின் முதற்பயன் என்பதை இது காட்டுகிறது. தொழில் செய்பவனுக்கு உதவுவதும், செய்யத் தெரியாதவனுக்குச் செய்து கொடுப்பதும் நற்செயல்களே என்பது அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த நபிமொழியின் கருத்தாகும்.

இனிப் பொருட்கொடையை நோக்குவோம். நிலம் அழியாது, அதனை வக்ஃபு செய்தால் விளைவு என்றும் வந்துகொண்டிருக்கும். தேய்ந்தும் உடைந்தும் போகக்கூடிய பொருளை வக்ஃபு செய்யலாமா? இவ்வினாவை ஃபிக்ஹு மேதைகள் நுணுகி ஆராய்ந்தனர். காலித் இப்னு வலீது (ரலி) அவர்கள் தம் கவசங்களையும் போர்க்கருவிகளையும் இறைவழியில் அர்ப்பணித்த செய்தி புகாரியில் உள்ளது. ஹனஃபீ மத்ஹபின் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்கள், மக்களிடையே வழக்கில் உள்ள பொருள்களையும் வக்ஃபு செய்யலாம் என்றார்கள். கோடரி, ரம்பம், ஜனாஸாவைச் சுமக்கும் சந்தூக்கு, அதன் மேல் விரிக்கும் துணி, சமையல் கிடாரங்கள், குர்ஆன் பிரதிகள் என்று ஹிதாயா நூல் அவற்றை வரிசைப்படுத்துகிறது. நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் சந்தூக்கும் கிடாரமும் ஜமாஅத்தின் பொதுவுடைமையாக இருப்பதைக் காணும் நமக்கு இப்பட்டியல் புதிதன்று. ஷாஃபிஈ மத்ஹபோ, மூலப்பொருள் அழியாமல் பயன் தருவதாயிருந்தால் போதும் என்றது. ஆதலின் உணவை ஸதக்காவாக வழங்கலாம்; வக்ஃபு செய்தல் இயலாது. வழிகள் வேறாயினும், கொடுத்த பொருள் நின்று பயன்தர வேண்டும் என்ற நோக்கம் இவ்விரண்டிலும் ஒன்றே.

இந்நோக்கம் செழித்த நகர் திமிஷ்க் என வழங்கும் டமாஸ்கஸ். 1154-ல் சுல்தான் நூருத்தீன் ஸங்கீ அங்கு ஒரு மருத்துவமனையை நிறுவினார். கட்டடத்தோடு நில்லாமல், மருத்துவ நூல்கள் பலவற்றையும் அதற்கு வக்ஃபு செய்தார். மருத்துவர் அபுல் மஜ்து நோயாளிகளைப் பார்த்து முடித்தபின் அந்நூல்கள் வைக்கப்பட்டிருந்த கூடத்தில் அமர்வார். பிற மருத்துவரும் மாணவரும் சூழ்ந்திருக்கப் பாடமும் ஆய்வும் நடைபெறும். இதனை இப்னு அபீ உஸைபிஆ தம் மருத்துவர் வரலாற்றில் எழுதியுள்ளார். 1184-ல் அந்நகருக்கு வந்த பயணி இப்னு ஜுபைர், நோயாளிகளின் பெயர்களும் மருந்துக்கும் உணவுக்கும் ஆகும் செலவும் அங்கே பதிவேடுகளில் குறிக்கப்பட்டு வந்ததைக் கண்டு எழுதினார். கொடை வந்தது, அதைப் பயன்படுத்தும் ஆள் இருந்தார், கணக்கும் இருந்தது. மூன்றும் கூடியதாலேயே அந்நிலையம் சிறந்தது.

அதே நகரின் மருத்துவர் தக்வார் (இறப்பு 1230) தம் வீட்டையே மருத்துவக் கல்விச்சாலையாக வக்ஃபு செய்தார். வீட்டை மட்டும் கொடுத்திருந்தால் சில ஆண்டுகளில் கூரை சரிந்திருக்கும். அவரோ அதன் பராமரிப்புக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் மாணவர் உதவித்தொகைக்கும் வருவாய் தரும் நிலங்களையும் உடன் எழுதிவைத்தார். தமக்குப்பின் யார் பாடம் நடத்த வேண்டும் என்பதையும் சொல்லிச் சென்றார்.

ஒரு கொடை மற்றொன்றை ஈன்றதும் உண்டு. கலாவூன், தாம் தளபதியாயிருந்தபோது திமிஷ்கில் நோயுற்று, நூருத்தீனின் மருத்துவமனையிலிருந்து வந்த மருந்தால் குணமடைந்தார். அரசுரிமை வாய்த்தால் அதுபோல் ஒன்று கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என மக்ரீஸீ எழுதுகிறார். சுல்தானான பின் 1284-ல் கெய்ரோவில் மன்ஸூரீ மருத்துவமனையை எழுப்பத் தொடங்கினார். நுரையீரல் வழியே குருதி செல்லும் முறையை விளக்கிய இப்னுந் நஃபீஸ், 1288-ல் இறக்குமுன் தம் வீட்டையும் நூல்களையும் அம்மருத்துவமனைக்கே வழங்கினார். அரசர் கட்டியதை அறிஞர் நிறைத்தார்.

1326-ல் திமிஷ்கைக் கண்ட இப்னு பதூதா ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். அடிமைச் சிறுவன் ஒருவன் தெருவில் சீனப் பீங்கான் தட்டை உடைத்துவிட்டான். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகுமாறு ஒருவர் சொன்னார்; அவ்வாறே சென்று, தட்டின் விலையைப் பெற்றான். எசமானின் அடிக்கு அஞ்சும் சிறுவனின் மனத்தைக்கூட எண்ணிப்பார்த்து எவரோ செய்த அறம் அது! கொடுப்பவர் தம்மிடம் மிஞ்சியதை நோக்காமல், பெறுபவரின் தேவையை நோக்கினார்.

இனி இதன் மறுபக்கம். ஸலாஹுத்தீன் ஐயூபியின் அமைச்சர் காழி அல்ஃபாழில் 1184-ல் கெய்ரோவில் நிறுவிய மதரஸாவுக்குப் பெருந்தொகையான நூல்களை வக்ஃபு செய்தார். ஒரு லட்சம் இருக்கும் என்பர். ஹிஜ்ரி 694-ல் எகிப்தில் பஞ்சம் வந்தது. பசித்த மாணவர்கள் ஒரு ரொட்டிக்கு ஒரு நூலாக விற்றனர். எஞ்சியவை இரவல் போய்ச் சிதறின. இதனை எழுதியவரும் மக்ரீஸீயே. அம்மாணவரைக் குறை கூற நம் நா எழவில்லை. நூல்களைக் காக்க வேண்டியவரின் வயிற்றைக் காக்க அந்நாளில் வழியில்லாது போயிற்று. இரவல் கொடுத்ததைத் திரும்பப் பெறும் ஒழுங்கும் இல்லாது போயிற்று.

இவ்வரலாற்றிலிருந்து நம் நிலையங்கள் கொள்ளத்தக்கவை சில. பொருள் தர விரும்புவோர், நிலையத்துக்கு எது தேவை என்று முதலில் கேட்டறிக. தேவையற்றதை நன்றி கூறி மறுக்க நிர்வாகிகள் தயங்கலாகாது. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பொருள் நிலையத்துக்குச் சுமையே. கருவி தருபவர் அதன் பழுதுபார்க்கும் செலவுக்கும், நூல் தருபவர் அதன் அலமாரிக்கும் கட்டுமானத்துக்கும் ஒரு சிறு தொகை சேர்த்துத் தருக. வந்தது எது, இருப்பது எது, இரவல் போனது எது என்பது பதிவேட்டில் ஏறுக. மருத்துவரும் வழக்கறிஞரும் கணக்கரும் கொத்தனாரும் தத்தம் தொழிலில் வாரத்துக்குச் சில மணி நேரம் குறித்துத் தருக. குறித்த நேரம் தவறாதிருப்பதும் அக்கொடையின் ஒரு பகுதியே.

ஸதக்கத்துன் ஜாரியா என்பது ஓடிக்கொண்டிருக்கும் தருமம். ஊற்றைத் தோண்டுபவர் ஒருவர். வாய்க்காலைத் தூர்வாரிக் காப்பவர் பலர். இருசாராரும் இருந்தால்தான் நீர் ஓடும்.