பிராட்பேண்டை நிறுத்தினால் அபராதமா? - புதுச்சேரியில் ஒரு சட்டத்தின் கதை

பிராட்பேண்ட் கனெக்ஷன் வேண்டும் என்றால் கம்பெனி ஆள் வீடு தேடி வருவார். அதையே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்... "ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மீதி மாசத்துக்கும் பணம் கட்டணும்" என்று பதில் வரும். கட்டித்தான் ஆக வேண்டுமா? புதுச்சேரி குருசுக்குப்பத்தில் இதற்கான பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் காலம்

1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சிவில் சட்டம் 1819-ல் புதுச்சேரியில் அமலானது. அதன் 1152-வது பிரிவு ரொம்பக் கறார். ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று எழுதியிருந்தால் அவ்வளவுதான். நீதிபதி கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது! ஒப்பந்தம் பாதி நிறைவேறியிருந்தால் மட்டும் குறைக்கலாம். பிரான்சிலேயே 1975-ல்தான் இந்த விதி தளர்ந்தது.

இந்தியச் சட்டம்

1954-ல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தது. 1968-ல் நாடாளுமன்றம் இயற்றிய நீட்டிப்புச் சட்டத்தின் வழியாக, 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம் இங்கேயும் வந்தது. பி.காம் மாணவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் 74-வது பிரிவு இதில்தான் இருக்கிறது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும் என்கிறது அது. இலவசமாகத் தந்த மோடத்தின் விலையைக் கேட்பதில் நியாயம் இருக்கலாம். தராத சேவைக்கு முழு வாடகை கேட்டால், "உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்று வாடிக்கையாளர் திருப்பிக் கேட்கலாம்.

சரி, எங்கே போய்க் கேட்பது?

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் 2009-ல் ஒரு கோழிக்கோடு டெலிபோன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடியது. 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவுப்படி, இத்தகைய தகராறுகள் மத்திய அரசு நியமிக்கும் நடுவரிடமே போக வேண்டும் என்றது. தந்தி காலத்துச் சட்டம் பிராட்பேண்ட் காலத்தில் குறுக்கே நின்றது!

கதவு மறுபடி திறக்க 2022 பிப்ரவரி ஆனது. அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருவருக்கு மாதம் சராசரியாக 555 ரூபாய் வந்துகொண்டிருந்த செல்போன் பில், 2013-ல் ஒரே மாதத்தில் 24,609 ரூபாய் ஆனது. வோடஃபோன் ஐடியாவுக்கு எதிரான அந்த வழக்கில், நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-ஆம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டமும் அந்த உரிமையில் கை வைக்கவில்லை.

2019-ஆம் வருட நுகர்வோர் சட்டம் இன்னொரு படி மேலே போனது. நஷ்டத்துக்குப் பொருந்தாத அபராதமும் அளவுக்கு மீறிய டெபாசிட்டும் "நியாயமற்ற ஒப்பந்தம்" ஆகலாம். ஆனால் அந்தப் புகாரை மாவட்ட ஆணையத்தில் கொடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டாயிரம் ரூபாய்க்காக யார் அலைவார்கள்? கம்பெனிகளுக்குச் சாதகமாக இருப்பது இந்தச் சலிப்புதான்.

அதனால் அடுத்த முறை "கட்டணும்" என்று சொன்னால், எந்த விதிப்படி, எந்த நஷ்டத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.