பாயிண்ட் 32 மதுரைக்கு வந்த வழி

தேர்தல் தேதி அறிவித்த கையோடு மதுரைக் காவல் நிலையங்களுக்கு ஒரு கூட்டம் வந்து போகும். உரிமம் வைத்திருப்பவர்கள் தங்கள் துப்பாக்கிகளை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வருவார்கள். நீளமாகத் துணி சுற்றி வருவது பெரும்பாலும் 12 போர் இரட்டைக் குழல். தோல் உறைக்குள் அடக்கமாக வருவது கைத்துப்பாக்கி. பதிவேட்டில் அதற்கு நேராக எழுதப்படும் எண், அநேகமாக எல்லாருக்கும் ஒன்றுதான்: பாயிண்ட் 32.

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்கப் போகிறவருக்கு 9 மி.மீ. வாங்குவதா, 45 வாங்குவதா, 380 போதுமா என்று ஊரே யோசனை சொல்லும். நம் ஊரில் உரிமம் கையில் கிடைத்த ஒருவர் கடைக்குப் போனால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. விடை முன்பே எழுதியாகிவிட்டது. எழுதியவர்கள் துப்பாக்கி விற்பவர்கள் அல்லர். பாளையக்காரர்களைக் கண்டு பயந்த ஒரு கம்பெனி, சைக்கிள் பார்க்கப் போன ஓர் அதிகாரி, தன் தோட்டா எதிரி கைக்குப் போய்விடக் கூடாது என்று பதறிய ஒரு ராணுவம் எனப் பல கைகள் சேர்ந்து எழுதிய விடை அது.

முதலில் அந்த ‘போர்’ என்ற சொல். துளை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்தான் துப்பாக்கிக் குழலுக்கும் வந்தது, திருமங்கலத்திலும் மேலூரிலும் தண்ணீருக்காகப் போடும் போருக்கும் வந்தது. ஆறரை இஞ்ச் போர் என்றால் ஆறரை அங்குலத் துளை. ஆனால் 12 போர் என்பது அளவுகோலில் பிறந்த எண் இல்லை, தராசில் பிறந்தது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை கச்சிதமாக நுழையும் குழல் 12 போர். அதனால்தான் 16 போர் 12 போரைவிடச் சிறியது. பாயிண்ட் 32 அப்படியல்ல. அது அங்குலத்தில் நூற்றுக்கு 32 பங்கு. ‘காலிபர்’ என்ற சொல்லின் பூர்வீகமோ இன்னும் வேடிக்கை. அச்சு என்று பொருள்படும் ‘காலிப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. அந்த அரபுச் சொல்லுக்கும் மூலம், கிரேக்கச் செருப்புத் தொழிலாளி வைத்திருந்த மரப் பாத அச்சின் பெயர் என்பார்கள். காலுக்குச் செருப்பு பொருந்த வேண்டும், குழலுக்குக் குண்டு பொருந்த வேண்டும். ‘துப்பாக்கி’ துருக்கியிலிருந்து பாரசீகம் சுற்றி நமக்கு வந்தது. ‘பீரங்கி’ பறங்கியோடு வந்தது. ‘ரவை’ மட்டும் அடுப்பங்கரைக்கும் ஆயுதக் கொட்டடிக்கும் பொதுவாகவே இருந்துவிட்டது.

மதுரைச் சீமையில் துப்பாக்கி ஒரு காலத்தில் ஊர்ச் சொத்து. பாளையக்காரர்களின் ஆட்கள் வேல், வளரியோடு திரித் துப்பாக்கியையும் ஏந்தினார்கள். குழலின் அளவு கொல்லருக்குக் கொல்லர் மாறும். எந்தக் குழலுக்கு எந்தக் குண்டு என்பது அதை வைத்திருந்தவருக்கே வெளிச்சம். 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றிலும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலும் தூக்கிலிட்ட பிறகு, அதே 1801 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்சீமைக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது. துப்பாக்கி இருக்கலாமா, யாரிடம் இருக்கலாம் என்பதை அரசு தீர்மானிக்கும் வழக்கம் நம் மண்ணில் வேர்விட்டது அப்போதுதான்.

எழுபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1878-இல், உலகின் இரு கோடிகளில் இரண்டு காரியங்கள் நடந்தன. வைஸ்ராய் லிட்டன் இந்தியாவுக்கான ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது அன்றிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவில் குற்றம். அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி, சட்டைப்பையில் அடங்கும் ரிவால்வருக்கென ஒரு சிறு தோட்டாவை விற்பனைக்கு விட்டது. அதுதான் பாயிண்ட் 32. சட்டத்துக்கும் தோட்டாவுக்கும் அன்று ஒரு தொடர்பும் கிடையாது. பின்னாளில் இரண்டும் ஒரே உரிமப் புத்தகத்தில் வந்து சேர்ந்தன.

1896-இல் அந்தத் தோட்டாவை நீட்டி ‘32 லாங்’ என்று கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டு நியூயார்க் காவல் துறையின் தலைமையில் இருந்தவர் பிற்கால ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட். ஆளுக்கொரு துப்பாக்கி வைத்திருந்த தன் போலீஸ்காரர்களுக்கு அவர் கோல்ட் கம்பெனியின் 32 ரிவால்வரை ஒரே மாதிரியாகக் கொடுத்தார். போட்டிக் கம்பெனியின் பெயரைத் தன் துப்பாக்கியில் பொறிக்க கோல்ட் கம்பெனிக்கு மனம் வருமா? குண்டின் மூக்கைச் சற்றுத் தட்டையாக்கி, ‘கோல்ட் நியூ போலீஸ்’ என்று புதுப்பெயர் சூட்டி அதே தோட்டாவை விற்றது.

இதற்குள் பெல்ஜியத்தில் வேறொரு 32 கருவாகிக்கொண்டிருந்தது. லீஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டாலில் எஃப்.என். என்ற தொழிற்சாலை. பெல்ஜிய ராணுவத்துக்கு ஒன்றரை லட்சம் மவுசர் ரைஃபிள் செய்து தருவதற்காக 1889-இல் தொடங்கப்பட்டது. அந்த ஆர்டர் முடிந்ததும் வேலையில்லை. சைக்கிள் செய்து பிழைத்தார்கள். அமெரிக்காவில் சைக்கிள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவர 1897-இல் ஹார்ட் பெர்க் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். போன இடத்தில் அவர் சந்தித்தது ஜான் பிரவுனிங்கை. யூட்டா மாநிலத்துத் துப்பாக்கிக் கொல்லரின் மகன், பையில் ஒரு புது மாதிரிப் பிஸ்டல். சைக்கிள் பார்க்கப் போனவர் பிஸ்டலோடு திரும்பினார். அதற்கென பிரவுனிங் வடிவமைத்த தோட்டாவை ஐரோப்பாவில் 7.65 மி.மீ. என்றார்கள், அமெரிக்காவில் 32 என்றார்கள். குண்டின் விட்டத்தை அளந்து பார்த்தால் 7.9 மி.மீ. வரும். இரண்டு பெயருமே சரியில்லை!

பிரவுனிங் பிஸ்டல் ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்ட அதே காலத்தில் இந்தியாவில் அரசாங்கத்துக்கு ஒரு புதுக் கவலை. கலகக்காரர்களிடம் பழைய மார்ட்டினி ஹென்றி ரைஃபிள்கள் இருந்தன. வேட்டைக்காரர்கள் தருவிக்கும் 450 போர் குண்டுகள் அவற்றுக்கும் பயன்பட்டுவிட்டால்? 1907-இல் 450 போருக்கு இந்தியாவில் தடை வந்தது. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் சும்மா இருக்கவில்லை. 465, 470 என்று எண்ணைச் சற்றே நகர்த்திப் புதிய தோட்டாக்களை உருவாக்கி மகாராஜாக்களுக்கு விற்றன. ராணுவம் பயன்படுத்திய 303 ரைஃபிளும் பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால் ஆஸ்திரியாவின் மான்லிகர் தோட்டா 315 போர் என்ற பெயரில் உள்ளே வந்தது. இன்றும் இந்திய அரசுத் தொழிற்சாலை 315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளைச் செய்து விற்கிறது. ஒரு சட்டத்தின் பயம் தோட்டாவின் வடிவத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

அந்தச் சட்டத்தின் வேலியை பிரவுனிங் பிஸ்டல் வேறு வழியில் தாண்டியது. 1909-இல் லண்டனிலிருந்து புரட்சியாளர் சாவர்க்கர் இருபது பிரவுனிங் பிஸ்டல்களை ரகசியமாக இந்தியாவுக்கு அனுப்பினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடியின் நிழலில் இருந்த அவருடைய தோழர் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடப் பயிற்சி கொடுத்தார். 1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியுடன் கொடைக்கானல் புறப்பட்டார். மணியாச்சியில் போட் மெயிலுக்காக ரயில் பெட்டி காத்து நின்றது. அதில் ஏறியிருந்தால் மதுரையைக் கடந்து கொடை ரோட்டில் இறங்கியிருப்பார்கள். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறினார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். சைக்கிள் கம்பெனியின் பிஸ்டல் பதினான்கே ஆண்டுகளில் நம் கரிசல் காட்டு ரயில் சந்திப்புக்கு வந்துவிட்டது. ஆஷைச் சுட்ட அதே துப்பாக்கியால் வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார்.

மூன்றாண்டு கழித்து, 1914 ஜூன் 28 அன்று சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சாய்த்ததும் எஃப்.என். பிரவுனிங்தான். அதில் இருந்தது பிரவுனிங்கின் இன்னொரு படைப்பான 380 தோட்டா, 9 மி.மீ. ஷார்ட் என்பார்கள். அதைத் தொடர்ந்து மூண்ட போரில் பிரான்சுக்குக் கைத்துப்பாக்கிப் பஞ்சம். ஸ்பெயினின் எய்பார் நகரில் பிரவுனிங்கைப் பார்த்துச் செய்த ‘ரூபி’ என்ற 32 பிஸ்டலுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு கம்பெனியால் முடியாமல் அது மற்றொன்றுக்குக் கைமாற்றியது. பின் தெருவுக்குத் தெரு பட்டறை முளைத்தது. ஒரு பட்டறையின் மேகசின் மற்றொன்றின் பிஸ்டலில் நுழையாது. நகலுக்கு நகல் செய்தால் அப்படித்தான் ஆகும். சீனாவிலும் பிரவுனிங்கின் கள்ளப் பிரதிகள் பெருகின.

பிரவுனிங் 1926-இல் ஹெர்ஸ்டால் தொழிற்சாலையிலேயே காலமானார். அவர் பாதியில் விட்ட வரைபடத்தை அவருடைய சீடர் சேவ் முடிக்க, 1935-இல் ‘ஹை பவர்’ என்ற 9 மி.மீ. பிஸ்டலாக வெளியிட்டார்கள். இந்த 9 மி.மீ. தோட்டா ஜெர்மானியர் கியோர்க் லூகர் 1902-இல் உருவாக்கிய பாராபெல்லம். ஹை பவர் பின்னாளில் வங்காளத்தின் ஈசாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் இந்திய ராணுவத்துக்காகத் தயாரானது. ஒரே மனிதரின் மூளையில் பிறந்த இரண்டு வம்சங்கள்: ஒன்று சிப்பாயின் இடுப்புக்குப் போனது, மற்றது குடிமகனின் அலமாரிக்கு.

இந்த இடத்தில் காந்தியைச் சொல்லாமல் நகர முடியாது. 1930 ஜனவரியில் அவர் வைஸ்ராய் இர்வினிடம் வைத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பது. அகிம்சையின் ஆசான் அப்படிக் கேட்டாரா என்று பலரும் வியப்பார்கள். ஒரு நாட்டு மக்களை நம்பாமல் நிராயுதபாணிகளாக வைத்திருப்பது அவர்களுக்கு அவமானம் என்பது அவர் வாதம். 1948 ஜனவரி 30 அன்று அவர் உடலில் பாய்ந்தவை இத்தாலியப் பெரெட்டா பிஸ்டலின் மூன்று குண்டுகள். அந்த பெரெட்டா சுட்டதும் பிரவுனிங்கின் 380 தோட்டாவைத்தான். அன்று அவர் உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி மதுரையில் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில், நேரு 1959 ஏப்ரல் 15 அன்று திறந்துவைத்த காந்தி அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம்.

அதே 1959 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய ஆயுதச் சட்டத்தை இயற்றியது. லிட்டனின் சட்டம் போனது, ஆனால் 1907-இன் பயம் போகவில்லை. ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., 38, 455 கைத்துப்பாக்கிகளும் 303 ரைஃபிளும் ‘தடை செய்யப்பட்ட போர்’ ஆயின. ஆயுதக் கிடங்கிலிருந்து தோட்டா திருடு போனாலும் தனியார் துப்பாக்கியில் அது நுழையக் கூடாது என்பதே கணக்கு. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதிக்கான வாசலும் 1980-களில் மூடப்பட்டது. பெரும்பாலும் எஞ்சி நின்றது 32.

கான்பூர் அரசுத் தொழிற்சாலை பழைய வெப்லி ரிவால்வரின் மாதிரியில் 32 லாங் ரிவால்வர் செய்தது. வங்காளத்தில் பிரவுனிங்கின் 32-ஐச் சுடும் ‘அஷானி’ பிஸ்டல் தயாரானது. 2014-இல் பெண்களுக்கென அரைக்கிலோ எடையில் ‘நிர்பீக்’ வந்தது, 2023-இல் ‘பிரபல்’ வந்தது. இரண்டும் 32. அசல் வெப்லி கம்பெனியே உத்தரப் பிரதேசத்தில் ஆலை போட்டு 32 ரிவால்வர் செய்ய வந்துவிட்டது.

ஆகவே மதுரை நகரில் கமிஷனரிடமும் சுற்றுப்புறத்தில் கலெக்டரிடமும் உரிமம் பெற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டியது அளவை அல்ல, எந்த 32 என்பதை. ரிவால்வரின் 32 லாங் 6.3 கிராம் குண்டை வினாடிக்குச் சுமார் 215 மீட்டர் வேகத்தில் தள்ளும். பிஸ்டலின் 32 எடை குறைந்தது, 4.6 கிராம். வேகம் 275 மீட்டர். பலத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ராணுவத்தின் 9 மி.மீ. இவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் வலுவானது. என்னைக் கேட்டால், சுட்டுப் பழக்கமில்லாதவருக்கு ரிவால்வரே நல்லது. உருளையைத் திறந்ததும் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருக்கலாம். அதை மறந்ததால் போனவை எத்தனையோ உயிர்கள்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு தோட்டாவின் பெட்டியிலும் 32 என்றே அச்சிட்டிருக்கும். ரிவால்வர் தோட்டாவின் கூடு 23 மி.மீ. நீளம், அடியில் தெளிவான விளிம்பு இருக்கும். பிஸ்டலுடையது 17 மி.மீ. தான், விளிம்பு லேசாகத் தடவினால்தான் தெரியும். இந்தக் குட்டைத் தோட்டா சில ரிவால்வர்களின் உருளைக்குள் நுழைந்துவிடவும் கூடும். அதன் அழுத்தம் அதிகம், அந்த ரிவால்வர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பெட்டியில் முழுப் பெயரையும் படித்துவிட்டு வாங்குங்கள்.