நம் வேர்கள் மதுரை மண்ணில்

"உங்கள் பூர்வீகம் எது?" என்று எவரேனும் வினவினால், பாட்டனாரின் பெயர் வரை சொல்லி நிறுத்திக்கொள்வோர் நம்மில் அநேகர். ஆயின், நமது வரலாறு மதுரை வீதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது.

யமன் நாட்டிலிருந்து வந்த காஜி சையது தாஜுத்தீன் (ரஹ்) அவர்கள் பாண்டியர் காலத்தில் இங்குத் தங்கினார்கள் என்பதும், அவர்கள் வழித்தோன்றல்களே காஜிமார் தெருவினர் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. கோரிப்பாளையம் தர்காவுக்குப் பாண்டிய மன்னர் அளித்த நிலக்கொடை குறித்துப் பிற்காலத்தில் வழக்கு எழுந்தது. அதனை விசாரித்த வீரப்ப நாயக்கர், 1573ஆம் ஆண்டில் அக்கொடையை உறுதி செய்தார். மன்னர் மாறினும் ஆவணம் உரிமையைக் காத்தது.

மற்றொரு புறம், சம்மட்டிபுரத்தில் அடங்கியுள்ள கான்சாகிப் யூசுப்கானைப் பாருங்கள். இராமநாதபுரச் சீமையின் பனையூரில் மருதநாயகமாகப் பிறந்து, இஸ்லாத்தை ஏற்றவர் அவர். கும்பினியாரிடம் பணியாற்றி மதுரையை ஆண்ட அவர், பின்னர் அவர்களையே எதிர்த்து நின்றார். நீண்ட முற்றுகைக்குப் பின் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு, 15.10.1764 அன்று தூக்கிலிடப்பட்டார்.

ஒருவர் கடல் கடந்து வந்தவர். மற்றவர் இம்மண்ணிலேயே பிறந்தவர். இருவரையும் மதுரை தன்னவராகவே ஏற்றுக்கொண்டது. நம் குடும்பங்களிலும் இவ்விரு வழிகளும் கலந்தே இருக்கக்கூடும். எவ்வழி வந்தவராயினும் நாம் இந்நாட்டினரே. பாட்டனார் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டு இந்தியர் என்னும் உரிமை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் தமிழுக்காகக் குரல் கொடுத்த கண்ணியமிகு காயிதே மில்லத் அவர்களும் இதனையே மெய்ப்பித்தார்கள்.

எனவே, வீட்டிலுள்ள முதியவரிடம் இன்றே அமருங்கள். முன்னோர் பெயர், பிறந்த ஊர், செய்த தொழில், அடங்கிய மையவாடி ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். பழைய கிரயப் பத்திரங்களையும் நிக்காஹ் பதிவேடுகளையும் கரையான் அரிக்கும் முன் படியெடுத்து வையுங்கள். பெட்டியடியில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகளைப் பழங்காகிதம் என எண்ணி எறிந்துவிடாதீர்கள். அவற்றை வாசிக்கத் தெரிந்தோர் அருகி வருகின்றனர். பெண்மக்களின் பெயர்களையும் விடாமல் குறியுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், ஆவணத்தில் கண்டதை ஆவணம் என்றும் பிரித்தெழுதுவதே நேர்மை.

முதியவர் ஒருவர் மறையும்போது, எழுதப்படாத கிதாபு ஒன்றும் அவருடன் அடங்கிவிடுகிறது. அதற்கு முன் விழித்துக்கொள்ள வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.