இரண்டு அரசாங்கங்களும் நமது நம்பிக்கையும்

"அரசாங்கத்தை நம்பலாமா, வாத்தியாரே?" என்று தோட்டத்துப் பெரியவர்கள் கேட்பதுண்டு. "எந்த அரசாங்கத்தை?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம் என இரண்டு உள்ளன. 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் இவ்விரண்டுக்கும் வேலையைப் பங்கிட்டது. குடியுரிமை, தொழிலாளர் விவகாரம், கல்வி ஆகியவை மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. நிலம் மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. ஆக, நாம் மரம் வெட்டிய வேலை ஒருவர் பொறுப்பு. நம் லயம் நின்ற மண் இன்னொருவர் பொறுப்பு.

முதலில் ஒரு நல்ல அனுபவத்தைப் பார்ப்போம். 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு 5 வெள்ளி தொழிலாளியிடம் பிடிக்கப்பட்டது. முதலாளியும் 5 வெள்ளி கட்டினார். கைக்கு வரவேண்டிய காசு எங்கோ போகிறதே என்று பலர் முணுமுணுத்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 55 வயதானவர்கள் அந்தப் பணத்தை எடுத்து வந்து பிள்ளைகளின் கல்யாணத்தை நடத்தியபோது முணுமுணுப்பு நின்றது. யாரும் பிரசங்கம் செய்து நம்பிக்கை ஊட்டவில்லை. சொன்னபடி பணம் வந்தது. நம்பிக்கையும் கூடவே வந்தது.

அதே காலத்தில் கசப்பான அனுபவமும் உண்டு. 1950-களில் பெரிய தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. லயம் தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே வேலை போனபோது வீடும் போயிற்று. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தலைமையில் ஆராய்ந்தனர். தொழிலாளிக்கு மத்திய அரசு, நிலத்துக்கு மாநில அரசு என்றிருக்க, சட்டி பானையோடு நடுவில் நின்றவை நம் குடும்பங்கள். 1960-இல், அன்று அமைச்சராயிருந்த வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தாங்களே பங்குப் பணம் போட்டுத் தோட்டம் வாங்கினர். பெரிய தோட்டத்தைப் பலருக்குப் பிரித்து விற்க மாநிலத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்ற சட்டம் அதற்குப் பின்னரே வந்தது.

மூன்றாவது, 1969-ஆம் ஆண்டு. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக்கூடாது என்ற நிலை வந்தது. பல ஆண்டுகள் இங்கேயே உழைத்தும் குடியுரிமைக்கு மனுச் செய்யாதிருந்தவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு திகைத்து நின்றனர். பலர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். உழைப்பே தங்களுக்குச் சாட்சி என்று அவர்கள் நம்பினார்கள். இலாகாவோ பத்திரத்தைக் கேட்டது.

நேயர்களே, நம்பிக்கை வாய்ச்சொல்லால் வளர்வதில்லை. வாக்குக் காப்பாற்றப்படும்போது வளர்கிறது. காப்பாற்றப்படுகிறதா என்று பார்ப்பது நம் கடமை. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, சேமநிதிக் கணக்கு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவோம். சம்பளக் குறை என்றால் தொழிலாளர் இலாகாவுக்கும், நிலப் பிரச்சினை என்றால் மாவட்ட நில அலுவலகத்துக்கும் செல்வோம். நாடாளுமன்றத்துக்கு ஒரு வாக்கு, மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு வாக்கு நமக்கு உண்டு. இரண்டையும் யோசித்துப் போடுவோம். கதவு தவறித் தட்டிவிட்டு, வீட்டில் ஆளில்லை என்று திரும்புவது இனி வேண்டாம்.