நூற்றுக்கு ஒன்று குதிரையும் வளைவில் நின்ற ஆசிரியையும்



கொஞ்சம் நீளமான பதிவு. இஷா தொழுதுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 11 பிள்ளைகளுக்கு டொனமூர் யாப்பு படிப்பித்துக்கொண்டிருந்தேன். "1931இல் இலங்கையருக்குச் சர்வஜன வாக்குரிமை கிடைத்தது" என்று எழுதச் சொன்னதும் ஒரு பிள்ளை கையைத் தூக்கினாள். "டீச்சர், பொம்புளையளுக்கும் சேத்தா தந்தாங்க? சும்மாவே தந்தாங்களா?"

நல்ல கேள்வி. பதிலை ஒரு குதிரைப் பந்தயத்தில் இருந்து தொடங்கினேன். கடைசி வாங்கில் இருந்து ஒருவன், "டீச்சர் புக்கிக்குப் போறதா?" என்று கேட்க வகுப்பே சிரித்தது.

முதலில் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காசு கட்டி விளையாடுவது ஹராம். அதில் இரண்டு பேச்சு இல்லை. டவுனில் ரேஸ் புக்கி வாசலில் சம்பளத்தைத் தொலைத்துவிட்டு நிற்கும் குடும்பக்காரர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் குதிரையை ஓடவிட்டுப் பார்ப்பது வேறு விடயம். நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரை ஓட்டம் நடத்தியதை இப்னு உமர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. பயிற்றப்பட்ட குதிரைகளுக்குத் தூரம் கூட, பயிற்றப்படாதவற்றுக்குத் தூரம் குறைவு. ஆகவே நாம் இங்கே குதிரையையும் மனிதர்களையும் பார்ப்போம், காசை விட்டுவிடுவோம்.

1913 ஜூன் 4, புதன்கிழமை. லண்டனுக்குத் தெற்கே எப்சம் என்ற இடம். அங்கே 1780இல் இருந்து நடந்துவரும் பந்தயம்தான் டேர்பி. மூன்று வயதுக் குதிரைகள் மட்டும் ஓடலாம். தடை தாண்டுதல் கிடையாது, சமதரை ஓட்டம். தூரம் ஒன்றரை மைல். பாதை லாடம் போல வளைந்து, மேட்டில் இருந்து இறங்கி, டட்டன்ஹாம் என்ற முனையில் இடப்பக்கம் திரும்பி நேர்ப் பாதைக்கு வரும். அந்த நாளில் அரசரும் அரசியும் வருவார்கள், கூலித் தொழிலாளியும் சோற்றுப் பொட்டலத்தோடு வருவான்.

அந்த வருடம் 15 குதிரைகள் ஓடின. எல்லோரும் நம்பிய குதிரை கிரகனூர். (பெயரைக் கேட்டால் மட்டக்களப்புப் பக்கத்து ஊர் மாதிரி இருக்கும்.) அதன் விலை ஆறுக்கு நாலு. அதாவது நாலு ரூபாய் கட்டினவனுக்கு ஆறு ரூபாய்தான் லாபம். வெல்லும் என்று அவ்வளவு நம்பிக்கை. அதன் சொந்தக்காரர் போவர் இஸ்மே. முந்தைய வருடம் டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது, கப்பல் கம்பனித் தலைவரான புரூஸ் இஸ்மே மட்டும் படகில் ஏறித் தப்பினார் என்று ஊரே பழித்ததே, அவருடைய தம்பிதான் இந்தப் போவர் இஸ்மே.

யாரும் நம்பாத குதிரைகளில் ஒன்று அபோயர். பிரெஞ்சு மொழியில் 'குரைப்பவன்' என்று பொருள். அதன் விலை நூற்றுக்கு ஒன்று. அதை ஓட்டியவர் எட்வின் பைப்பர்.

ஓட்டம் தொடங்கியதும் இந்த அபோயர் முன்னுக்குப் போய்விட்டது. எப்படியும் களைத்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது களைக்கவில்லை. நேர்ப் பாதைக்கு வந்தபோதும் அதுதான் முன்னால். கிரகனூர் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றோடொன்று உரசி, இடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டின. கிரகனூர் ஒரு தலை வித்தியாசத்தில் வென்றதாக நடுவர் அறிவித்தார். முடிவு சரி என்ற அடையாளமும் காட்டப்பட்டது.

அதற்குப் பிறகுதான் குழப்பம். அபோயரின் சொந்தக்காரரோ ஜொக்கியோ முறைப்பாடு செய்யவில்லை. பந்தய மேற்பார்வைக் குழுவினர் தாங்களாகவே ஆட்சேபனை எழுப்பினார்கள். ஜொக்கிகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கடைசியில், கிரகனூர் நேராக ஓடாமல் அபோயரை இடித்து நெருக்கியது என்று சொல்லி அதைத் தகுதி நீக்கம் செய்தார்கள். நூற்றுக்கு ஒன்று குதிரை டேர்பியை வென்றது.

தீர்ப்புச் சரியா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. இரண்டு குதிரைகளுமே இடித்தன, அபோயரும் விலகி ஓடியது என்று பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். விசாரித்தவர்களில் ஒருவரான மேஜர் லோடர், கிரகனூரைப் பிறப்பித்து வளர்த்த பண்ணைக்காரர். அவருக்கு இஸ்மே மேல் மனக்கசப்பு என்று ஊரில் பேச்சு. சாட்சி சொன்ன ஜொக்கி சக்ஸ்பி, முன்பு கிரகனூரை ஓட்டியவர். அவரை மாற்றிவிட்டு ரீஃப் என்ற அமெரிக்கரை ஏற்றியிருந்தார்கள். டைட்டானிக் கோபமும் காற்றில் இருந்தது. இவையெல்லாம் சந்தேகங்கள்தான், தீர்ப்பு அநியாயம் என்பதற்கு ஆதாரம் அல்ல. ஆனால் நீதி வழங்குகிறவர் சம்பந்தப்பட்டவராக இருந்தால், சரியான தீர்ப்பைச் சொன்னாலும் ஊர் நம்பாது. நமது ஊர் பஞ்சாயத்துகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. கோட்டில் நின்ற நடுவர் ரொபின்சன், உட்புறக் கம்பியோடு ஒட்டி வந்த டே கொமெட் என்ற குதிரையைக் காணவே இல்லை. புகைப்படத்தில் பார்த்தால் அது முன்னணிக் குதிரைகளோடு தெளிவாகவே நிற்கிறது, மூன்றாவதாக வந்திருக்க வேண்டும். ஆனால் அவருடைய பட்டியலில் அதற்கு இடம் இல்லை. சில வாரங்களுக்கு முன் நியூமார்க்கட் பந்தயத்திலும் கிரகனூர் வென்றதாகப் பலர் பார்த்திருக்க, இதே நடுவர் லூவா என்ற குதிரைக்கு வெற்றியைக் கொடுத்திருந்தார். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் காலம் அது. பிரித்தானியாவில் முடிவுக்கோட்டுப் புகைப்படம் வந்தது 1947இல்தான்.

கோட்டில் நின்றவர்கள் எல்லோருமே காணாமல் விட்ட இன்னொரு விடயம் அதே ஓட்டத்தில் நடந்தது. அது டட்டன்ஹாம் முனையில்.

அபோயரும் கிரகனூரும் அந்த வளைவைக் கடந்துவிட்டன. பின்தங்கிய குதிரைகள் வந்துகொண்டிருந்தன. அப்போது ஒரு பெண் கம்பிக்குக் கீழால் குனிந்து பாதைக்குள் வந்தார். ஒரு குதிரையை நோக்கிக் கையை உயர்த்தினார். அது அரசர் ஐந்தாம் ஜோர்ஜின் குதிரையான அன்மர். கண் மூடித் திறப்பதற்குள் குதிரை மோதியது. குதிரையும் ஜொக்கி ஹேர்பட் ஜோன்சும் விழுந்தார்கள், அந்தப் பெண்ணும் விழுந்தார். குதிரை எழுந்தது, ஜொக்கி காயங்களோடு பிழைத்தார். அந்தப் பெண் நினைவு திரும்பாமலே நான்கு நாட்களின் பின், ஜூன் 8இல், எப்சம் வைத்தியசாலையில் இறந்தார். செய்திப்பட நிறுவனங்களின் கமராக்கள் அதைப் பதிவு செய்திருந்தன.

அவர் பெயர் எமிலி வைல்டிங் டேவிசன். வயது 40. அவரும் என்னைப் போல ஓர் ஆசிரியை.

1872இல் பிறந்தவர். கல்லூரியில் படித்துக்கொண்டிருக்கையில் தந்தை இறந்துவிட்டார். கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை நிறுத்தினார். பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக் காசு சேர்த்து, ஒக்ஸ்போர்ட் போய்ப் பரீட்சை எழுதினார். ஆங்கிலத்தில் முதல் வகுப்பு. ஆனால் பட்டம் தரவில்லை. காரணம், பெண்களுக்குப் பட்டம் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. அது 1920இல்தான் மாறியது. இந்த இடத்தைச் சொன்னபோது என் வகுப்பில் சிரிப்பு நின்றுவிட்டது.

1906இல் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய இயக்கத்தில் சேர்ந்தார். ஒன்பது முறை கைது செய்யப்பட்டார். சிறையில் சாப்பிட மறுத்தபோது, குழாய் செருகி 49 முறை பலவந்தமாக உணவூட்டினார்கள். 1911 குடிசன மதிப்பீட்டு இரவில் பாராளுமன்றக் கட்டடத்துக்குள் ஓர் அலுமாரியில் ஒளிந்திருந்தார். அன்றிரவு எங்கே தங்கினாரோ அதுதான் பதிவில் வர வேண்டும். உள்ளே போய்ப் பேச அனுமதியில்லாத பாராளுமன்றத்தையே தன் விலாசமாக எழுத வைத்தார்!

அவர் சாகவே போனாரா? யாருக்கும் உறுதியாகத் தெரியாது. பையில் திரும்பி வரும் ரயில் டிக்கட் இருந்தது. பந்தய நாளில் அந்த டிக்கட்தான் விற்பார்கள், அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்கிறார்கள் சிலர். இயக்கத்தின் கொடிகள் அவரிடம் இருந்தன. குதிரையின் கடிவாளத்தில் துணியைக் கட்டப் பார்த்தார் என்பது ஒரு கருத்து. எதுவானாலும், அவர் செய்ததை நான் சரி என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. உயிர் அல்லாஹ்வின் அமானிதம். ஜொக்கியின் உயிரும் அப்படித்தான். ஆனால் அந்த இடம்வரை ஒரு படித்த ஆசிரியையைத் தள்ளியது எது என்று கேட்காமல் அவரை மட்டும் குறை சொல்வதும் நீதியில்லை.

அன்று அரண்மனையின் கவலையெல்லாம் ஜொக்கியைப் பற்றியது. அரசர் தன் நாட்குறிப்பில் இதை வெட்கக்கேடான சம்பவம் என்ற பாணியில் எழுதி வைத்தார். கோட்டுப் பக்கம் நின்ற கூட்டத்துக்கோ, எந்தக் குதிரைக்குக் காசு என்பதுதான் கவலை.

ஜூன் 14இல் லண்டனில் ஜனாஸா ஊர்வலம் போனபோது ஆயிரக்கணக்கான பெண்கள் பின்னால் நடந்தார்கள். அடக்கம் வடக்கே மோர்பெத் என்ற ஊரில் நடந்தது. அந்த ஜொக்கி ஜோன்ஸ், 15 வருடங்களின் பின் வாக்குரிமை இயக்கத் தலைவி எமலின் பங்கர்ஸ்ட் இறந்தபோது, இரு பெண்களையும் கௌரவித்து மலர்வளையம் வைத்தார். தன்னை விழுத்திய பெண்ணுக்கு அவர் செய்த மரியாதை அது.

குதிரைகள் என்னவாயின? கிரகனூர் 30,000 பவுணுக்கு ஆர்ஜென்டினாவுக்குப் போனது, அங்கே நல்ல வம்சத்தைத் தந்தது. வென்ற அபோயரை ரஷ்யாவுக்கு விற்றார்கள். 1917 புரட்சியில் அது காணாமல் போய்விட்டது. டேர்பி வெற்றியாளர் பட்டியலில் மட்டும் 1913க்கு நேராக அதன் பெயர் இருக்கிறது. அந்த வரியை மட்டும் வாசித்தால் அன்று எப்சமில் நடந்ததில் பாதியும் தெரியாது.

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். பிரித்தானியாவில் 1918இல் 30 வயது தாண்டிய பெண்களுக்கு, அதுவும் சொத்து நிபந்தனையோடு, வாக்குக் கிடைத்தது. ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் கிடைத்தது 1928இல். இலங்கையிலும் யாரும் சும்மா தரவில்லை. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அக்னஸ் டி சில்வா போன்ற பெண்கள் டொனமூர் ஆணைக்குழு முன் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டபோது, ஆம், அவர்களும் பெண்கள்தானே என்றார் அவர். ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயது என்று சிபாரிசு செய்தது. கடைசியில் அது 21 ஆகியது. ஆண்ட நாட்டுப் பெண்களுக்குச் சம உரிமை கிடைத்து மூன்றே வருடத்தில் நம் நாட்டுப் பெண்களும் வாக்களித்தார்கள். ஆசியாவில் சர்வஜன வாக்குரிமையை முதலில் பெற்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று.

வீட்டுக்கு வந்தபிறகு எனக்கு உம்மும்மாவின் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தேர்தலிலும் போவார். வாப்பப்பா சொன்ன சின்னத்துக்குப் புள்ளடி போட்டுவிட்டு வருவார். ஒருநாள் கேட்டேன், "உம்மும்மா, நீங்க யாரைப் போட ஆசைப்பட்டீங்க?" கொஞ்ச நேரம் யோசித்தார். "என்னட்ட யாரும் கேக்கல்ல மகள்" என்றார். இப்போது அவர் இல்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்ந்த இடத்தைக் கொடுப்பானாக.

உரிமை 1931இலேயே வந்துவிட்டது. கேள்விதான் நம் வீட்டுக்குள் வரவில்லை. அடுத்த தேர்தல் வரும்போது, வீட்டுப் பெண்களிடம் சின்னத்தைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உம்மாவிடம், மனைவியிடம், முதல் வாக்குப் போடப்போகும் மகளிடம் கேளுங்கள். பதிலைக் கேட்டுவிட்டு உடனே திருத்தாமல் இருங்கள்.

கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடத்தில் வாக்கு வரும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.