ஆக்ரோயாக் கரையிலிருந்து: மலைக்கும் மக்களுக்கும் யார் பொறுப்பு?

தலவாக்கலையில் பஸ் ஏறி லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி வந்தால் டயகம. அதற்கு மேலே தேயிலை, தேயிலைக்கு மேலே காடு, காட்டுக்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளி. அந்த உயரத்திலிருந்து இறங்கும் ஆக்ரோயாவின் கரையில்தான் எம்மில் பலர் பிறந்தோம். எமது பீலிகளில் விழுந்த தண்ணீர் கொத்மலை ஓயாவாகி, மகாவலியில் கலந்து, திருகோணமலையில் கடலைச் சேர்கிறது என்பதைப் புவியியல் பாடத்தில் படித்தபோது எமக்குச் சற்றுப் பெருமையாகவே இருந்தது.

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று கூடிப் பேசியபோது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. இந்த மலைக்கும் இங்கு வாழும் மக்களுக்கும் யார் பொறுப்பு? கடந்த 150 ஆண்டுகளில் இக்கேள்விக்குப் பலர் பல விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரலாற்றை இயன்றவரை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

முதலில் காட்டைப் பார்ப்போம். கோப்பிக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடவேண்டாம் என்று பிரித்தானிய அரசுக்கு ஆலோசனை கூறினார். 1873இல் அதற்கான நிர்வாக உத்தரவு பிறந்தது. ஹோர்ட்டன் சமவெளி இன்றும் இருப்பதற்கு அந்த உத்தரவு ஒரு முக்கிய காரணம். 1988இல் அது தேசியப் பூங்காவாகியது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய இரு காடுகளோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆற்றின் தலைமாட்டைக் காக்கவேண்டும் என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சிந்தித்தவர்கள், அந்த ஆற்றங்கரை லயங்களில் குடியேற்றப்பட்ட மனிதர்களைப் பற்றி அவ்வளவு சிந்திக்கவில்லை.

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்திடம் விட்டது. பத்து வயதோடு அந்தப் பொறுப்பு முடிந்தது. எமது சங்கம் தொடங்கிய காலத்தில் லயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி மேல் வகுப்புக்கு வருவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான்.

மக்கள் தமக்காகத் தாமே கூடியது 1930களில். 1931இல் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள் தொழிலாளரிடையே பாட்டுப் பாடியே உரிமைகளை எடுத்துச் சொன்னார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எமது வகுப்புகளையே பிரித்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்று இம்மலரை வாசிக்கும் சகோதரிகள் அப்படிப் போனவர்கள்தான்.

1970களில் வேறொரு வகைக் கூட்டு தோன்றியது. பாதிரியார் போல் கெஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை ஆரம்பித்தார். அதைச் சூழப் பெருந்தோட்டப் பகுதிகளில் இயங்கிய சிறு குழுக்கள் ஓர் இணைப்பகத்தின் கீழ் ஒன்றுகூடின. சிங்களவரும் தமிழரும் ஒரே மேசையில் அமர்ந்து தோட்டத்துப் பிரச்சினைகளைப் பேசினார்கள். தனித்தனிச் சங்கங்களால் இயலாததைச் சேர்ந்து செய்யலாம் என்ற பாடத்தை எமது மலைக்கு அது கற்றுத் தந்தது. ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம் எமது தாய்மாருக்குக் கிடைத்தது 1984இல். அதுவும் வேலைநிறுத்தத்தின் பின்னரே கிடைத்தது.

சூழலும் மக்களும் ஒரே கேள்வியாக வந்து நின்றது மேல் கொத்மலைத் திட்டத்தின்போது. ஆக்ரோயாவின் நீரையும் சேர்த்துத் தலவாக்கலையில் மறித்து, 12 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட சுரங்கவழியே கொண்டுசென்று மின்சாரம் எடுப்பது திட்டம். சென்கிளையர் உட்பட நீர்வீழ்ச்சிகள் வற்றிவிடும் என்று சூழல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. குடியிருப்புகள் போய்விடும் என்று மலையகத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. திட்டம் நிற்கவில்லை. 2012இல் 150 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம்மாறின. ஆனால் துணையாறுகளைத் திருப்பும் பகுதி கைவிடப்பட்டது. சென்கிளையரில் பகல்வேளையில் நீர் விடவேண்டும் என்ற ஏற்பாடும் வந்தது. எதிர்த்தவர்கள் தோற்றார்களா, வென்றார்களா என்று எமக்குள் இன்றும் விவாதம் உண்டு. அவர்கள் பேசாதிருந்தால் அந்த நீர்வீழ்ச்சியில் இன்று விழும் தண்ணீரும் இல்லை என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

1992இல் அரசின் தோட்டங்கள் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் முகாமைக்குக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டில் வீடு, சுகாதாரம், பிள்ளைக்காம்பிரா போன்றவற்றைக் கவனிக்க அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நிதியம் ஒன்று உருவானது. அதையே இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்கிறோம். மலையில் அதன் பெயர் வெறும் 'ட்ரஸ்ட்'.

அதன்பின் பொறுப்பு கடல் கடந்தது. 1997இல் பிரித்தானியத் தேயிலைக் கம்பனிகள் ஒன்றுகூடி, பின்னாளில் எதிக்கல் டீ பார்ட்னர்ஷிப் எனப் பெயர்பெற்ற அமைப்பைத் தொடங்கின. ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸின் பச்சைத் தவளையும் ஃபெயார்ட்ரேட் முத்திரையும் இலங்கைத் தேயிலைப் பொதிகளில் இடம்பிடித்தன. ஓடைக்கரையில் மருந்தடிக்கக் கூடாது, மருந்தடிப்பவருக்குப் பாதுகாப்பு உடை வேண்டும், கழிவுநீர் ஆற்றில் விழக்கூடாது, பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றெல்லாம் அவற்றில் விதிகள் உண்டு. ஃபெயார்ட்ரேட்டில் மேலதிகமாக வரும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதைத் தொழிலாளர் தெரிவுசெய்த குழுவே தீர்மானிக்க வேண்டும். ஒரு காலத்தில் துரையின் விருப்பத்துக்கு விடப்பட்டிருந்தவை இன்று விதிகளாக எழுதப்பட்டிருப்பது சிறிய மாற்றமல்ல.

ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பரிசோதகர் வரும் நாளுக்கு முந்திய நாள் லயத்தைச் சுற்றி வெள்ளையடித்ததையும், கேள்வி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று பெரட்டில் சொல்லித் தரப்பட்டதையும் எம்மில் சிலர் நேரில் பார்த்திருக்கிறோம். விதி இருக்கிறது, அதைத் தமிழில் வாசித்துக்காட்ட ஆள் இல்லை. குழு இருக்கிறது, கொழுந்து மடுவத்தில் நிறை போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடும் பெண்ணுக்கு அதன் கூட்டத்துக்குப் போக நேரம் இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோதும், 2024இல் ஊக்கக் கொடுப்பனவோடு 1,700 ரூபா என்று பேசப்பட்டபோதும், பொதியிலுள்ள முத்திரை அந்தத் தொகையைத் தீர்மானிக்கவில்லை. அது சம்பளச் சபையிலும் தெருப் போராட்டத்திலும் தீர்மானமானது.

2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற கூட்டின் அழைப்பில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்களில் எமது பிள்ளைகளும் இருந்தார்கள். எம்மவர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்த அந்த நடையைப் பல அமைப்புகள் சேர்ந்து நடத்தின. தனித்து நடந்திருந்தால் நாடு திரும்பிப் பார்த்திருக்காது.

பழைய மாணவியர் சங்கமும் ஒரு வலையமைப்புத்தான். லண்டனில், ரொறன்ரோவில், சென்னையில் நாம் தேயிலை வாங்கும் வாடிக்கையாளர். டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் நாம் ஆசிரியைகள், தாதியர், கிராம உத்தியோகத்தர், கொழுந்து பறிப்பவரின் மகள்மார். பொதியின் இரு முனைகளிலும் எம்மவர் இருக்கிறார்கள். கடையில் முத்திரையைப் பார்க்கும் சகோதரி, அந்தத் தோட்டத்தில் குழு கூடுகிறதா, பீலித் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று ஊரிலிருக்கும் சகோதரியிடம் கேட்கட்டும். அவர் சொல்வதைத் தேயிலை விற்கும் கம்பனிக்குக் கடிதமாக எழுதட்டும். இங்குள்ளவர்கள் அந்த விதிகளைத் தமிழில் எழுதி, பாடசாலை விட்டபின் தாய்மாருக்கு வாசித்துக்காட்டலாம். நூற்றாண்டுக்கு ஒரு கட்டடம் எழுப்புவதைவிட இது செலவு குறைந்தது.

நாம் படித்தது இந்த மலையின் உழைப்பில். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்குமாறு உலகெங்குமுள்ள சகோதரிகளை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.